மஞ்சள் குடை விழுந்த இடம்

கோட்டை வாசலில் குடை பிடித்து ஊர் சுற்றிக் காட்டிப் பிழைக்கிறவர்கள் எல்லாரும் பின்பக்கமாகத்தான் நடப்பார்கள். முகம் கூட்டத்தைப் பார்க்கும், முதுகு ஊரைப் பார்க்கும். தலைக்கு மேல் விரித்த குடை நிற்கும். கால் தன்பாட்டுக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்க, வாய் தன்பாட்டுக்கு ராஜாக்களை வெட்டிச் சாய்த்துக்கொண்டிருக்கும். ஊர் பார்க்க வந்தவர்களுக்கு வாசலிலேயே ஒரே ஒரு பாடம்தான். "என் மூஞ்சி மறந்தாலும் பரவாயில்லை, குடையை மறக்காதீங்க. குடை எங்க போகுதோ அங்க வாங்க." சந்தை நெரிசலிலும் வண்டிச் சத்தத்திலும் அந்த ஒரு நிறத்தைப் பார்த்துக்கொண்டே மொத்தக் கூட்டமும் கோழிக்குஞ்சுகள் மாதிரி வந்து சேர்ந்துவிடும்.

அவளுடைய குடையின் நிறம் மஞ்சள். வாசலில் அவளை எல்லாரும் மஞ்சக்குடை என்றுதான் கூப்பிடுவார்கள். ஒல்லியான உடம்பு. முன்பல் ஒன்று இல்லை. இடது மணிக்கட்டு லேசாகத் திரும்பியிருக்கும். பேச்சு அடுப்பங்கரையில் பேசுகிற மாதிரி தணிந்து வரும். கோட்டை வாசல், மணிக்கூண்டு, ராணி விழுந்த கிணறு, கசாப்புத் தெரு, தூக்குமேடைத் திடல், ஆற்றுப்படி, பாலம் என்று அவள் ஊரைச் சுற்றிக் காட்டுவாள். அந்த இடங்களில் பாதி அவள் உடம்பிலும் இருந்தன. பல் போனது மணிக்கூண்டில். மணிக்கட்டு கிணற்றடியில். காதுக்குப் பின்னால் இருக்கும் தையல் கசாப்புத் தெருவில். உடம்பில் இருந்த ஊரை மட்டும் அவள் யாருக்கும் சுற்றிக் காட்டியதில்லை.

அவள் இந்தத் தொழிலுக்குள் வந்தது வால் வழியாக. அப்போது மஞ்சள் குடை அவள் புருஷன் கையில் இருந்தது. கல்யாணமான புதிதில், "வீட்டுல சும்மாதானே உக்காந்திருக்கே, வந்து வாலைப் பிடி" என்றான். வால் என்றால் கூட்டத்தின் கடைசி. போட்டோ எடுக்க நின்றவன், செருப்பு அறுந்தவள், கடையில் நுழைந்து மறந்தவர்கள், இவர்களையெல்லாம் பொறுக்கிச் சேர்க்கிற வேலை. ஒவ்வொரு இடத்திலும் கடைசி ஆள் வந்ததும் கையைத் தூக்கி "வந்தாச்சு" என்று காட்ட வேண்டும். அதற்கு அப்புறம்தான் அவன் கதையைத் தொடங்குவான். வாய் திறக்க வேண்டாத வேலை என்பதால் அவளுக்குப் பிடித்திருந்தது. பின்னால் நின்று எல்லாரையும் பார்த்துக்கொண்டிருக்கலாம். அவளை யாரும் பார்க்கமாட்டார்கள்.

புருஷனுக்குத் தொண்டை பெரிது. இரண்டு தெரு தள்ளிப் போகிறவனையும் நிறுத்திக் கேட்க வைத்துவிடுவான். ஆனால் மஞ்சள் குடைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அவன் கதை அல்ல, அவன் தம்பியின் சாவு.

தூக்குமேடைத் திடலில் அந்தக் காலத்தில் ஒரு கொள்ளைக்காரனைத் தொங்கவிட்டார்கள் என்பது கதை. புருஷன் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, தூணுக்குப் பின்னால் இருந்து கொழுந்தன் பாய்ந்து வருவான். முகத்தில் கறுப்புத் துணி, கையில் மரக்கத்தி. அண்ணனும் தம்பியும் கட்டிப் புரளுவார்கள். சட்டைக்குள் வைத்த சிவப்புச் சாயப் பொட்டலம் உடைந்து தெறிக்கும். கடைசியில் தம்பியின் கக்கத்தில் கயிறு மாட்டி, பழைய தூக்குமேடையின் உத்திரத்தில் தூக்குவார்கள். அவன் காலை உதறி, நாக்கைத் தள்ளி, தலையைத் தொங்கப் போடுவான். கூட்டம் கைதட்டி மாளாது. அவள் சாயந்தரம் அந்தச் சட்டையை அலசிப் போடுவாள்.

"என் சின்னவன் மாதிரி யாரு இருக்கா? தினமும் செத்துட்டு, தினமும் நேரத்துக்குச் சாப்பிட வந்துடுறான்" என்பாள் மாமியார்.

ஒருநாள் திடலில் வைத்தே கொழுந்தன் கேட்டான். "அண்ணே, ஒரு நாளைக்கு நான் குடை பிடிக்கிறேன். நீ செத்துப் பாரேன்."

"உனக்குக் கதை எங்கடா தெரியும்? உன் மூஞ்சிக்குத் தொங்குறதுதான் பொருத்தம்" என்றான் அண்ணன். கேட்ட கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. வாலில் நின்றிருந்தவளுக்கு முன்னால் இருந்த எல்லா முகமும் தெரிந்தது. கொழுந்தன் ஒருவன்தான் சிரிக்கவில்லை. கக்கத்தில் கயிற்றுத் தடிப்பைத் தடவிக்கொண்டு நின்றான்.

வாசலுக்கு ஒரு சட்டம் உண்டு. வாசலில் விரித்த குடையைப் பாலத்தில்தான் மடக்க வேண்டும். நடுவில் கீழே விழுந்தாலும் யாராவது பிடுங்கினாலும் அந்த நிறம் போயிற்று. யார் எடுத்துப் பாலம் வரைக்கும் கொண்டுபோகிறானோ அவனுக்கு அது சொந்தம். பாதி வழியில் கூட்டத்தை விட்டுவிட்டுக் குடிக்கப் போகிறவர்களை அடக்க எப்போதோ வந்த சட்டம். எங்கேயும் எழுதி வைக்கவில்லை. இருந்தாலும் வாசலில் மூத்தவரான சிவப்புக்குடைக்காரர் வாயில் அது இரும்பு மாதிரி இருந்தது.

புருஷன் செத்ததுகூடக் குடைப் போட்டியில்தான். ஒரு பேருந்து நிறைய ஆட்கள் வந்து இறங்க, பச்சைக்குடைக்காரர்களும் மஞ்சள்காரர்களும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். முதலில் சட்டையைப் பிடித்தார்கள். அப்புறம் செங்கல் பறந்தது. அப்புறம் இரும்புக்கம்பி வந்தது. கம்பி ஒன்று புருஷன் மண்டையில் இறங்கிய சத்தம், தேங்காய் உடைகிற சத்தமாக இல்லை. ஈர மூட்டையைத் தரையில் போடுகிற மாதிரி இருந்தது. தம்பி குறுக்கே விழுந்தான். அவன் முகம் புருவத்திலிருந்து தாடை வரை கிழிந்தது. அன்றைக்கு அவன் சட்டையில் இருந்தது சாயம் இல்லை.

குடை கீழே கிடந்தது. பச்சைக்காரன் ஒருவன் அதை நோக்கி வந்தான். தரையில் கிடந்த புருஷன் அவளைப் பார்த்தான், குடையைப் பார்த்தான். "எடு" என்றான். அவள் எடுத்தாள். தம்பி அண்ணனைத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட, அவள் பின்னால் ஒரு ஆள்கூட இல்லாமல், ரத்தம் சொட்டுகிற மஞ்சள் குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பாலம் வரை நடந்தாள். மடக்கினாள். அப்புறம் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

"அண்ணன் உசுரு போகும்போது நான் கையைப் பிடிச்சிட்டு இருந்தேன்" என்றான் கொழுந்தன். முகத்தில் தையல் போட்டிருந்தார்கள், உதடு கோணிப் பேசினான். "நீங்க எங்க இருந்தீங்க அண்ணி?"

அந்தக் கேள்வியை அவன் அப்புறம் பல தடவை கேட்டான். அவளும் தனக்குள் கேட்டுக்கொண்டாள்.

துக்கம் கலைந்ததும் அவன் சிவப்புக்குடைக்காரரிடம் போனான். "மஞ்சள் எனக்கு. அதுக்கு நான் ரத்தம் குடுத்திருக்கேன்."

"குடுத்தே தம்பி, இல்லைன்னு சொல்லலை. ஆனா குடையை எடுத்துப் பாலத்துக்குக் கொண்டுபோனது உங்க அண்ணி."

"அவங்களுக்கு வாயே கிடையாதே!"

"வாய் இல்லைன்னா ஆளு வரமாட்டான். ஆளு வரலைன்னா பட்டினி. அது அவங்க பாடு. நிறம் அவங்களுது."

அவளுக்கு நிஜமாகவே வாய் இல்லைதான். முதல் வாரங்களில் அவள் பேசியது முன்வரிசைக்கே கேட்கவில்லை. காதைக் கொடுத்துக்கொண்டு கூட்டம் கிட்டே வந்தது. அவள் பின்னால் நகர்ந்தாள். அவர்கள் இன்னும் கிட்டே வந்தார்கள். ஒருநாள் ஆற்றுப்படியின் விளிம்புக்கே கொண்டுபோய்விட்டார்கள். குதிகால் காற்றில் தொங்கியபோதுதான் அவளுக்குத் தொழிலின் ரகசியம் பிடிபட்டது. கூட்டத்தை எட்டி நிற்க வைப்பது குடை இல்லை, கதை. பேச்சு ஓடிக்கொண்டிருந்தால் அவர்கள் நின்ற இடத்தில் நிற்பார்கள். பேச்சு நின்றால் மேலே ஏறி வந்துவிடுவார்கள். அதற்கு அப்புறம் அவள் பேச்சை நிறுத்தவே இல்லை. குரல் தணிந்ததுதான், ஆனால் அறுபடாது. அந்தக் குரலில் வெட்டும் குத்தும் கேட்கும்போது ஆட்கள் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். மஞ்சள் குடைக்கு மறுபடியும் ஆள் வந்தது.

ஆள் வந்ததும் அடியும் வந்தது.

மணிக்கூண்டில் அவள் பின்பக்கமாக நடந்து வரும்போது கொழுந்தன் பக்கத்துச் சந்திலிருந்து வந்து மோதிரக் கையை முகத்தில் வீசினான். வாயில் ரத்தம் ரொம்பியது. பல்லைத் துப்பினாள். குடை கையில்தான் இருந்தது. "ஐயோ, மன்னிச்சிடுங்க அண்ணி, பாக்கலை" என்றான் கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி. கிணற்றடியில் கையை முறுக்கினான். எலும்பு நகர்ந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அடுத்த கைக்குக் குடையை மாற்றிக்கொண்டு, ராணி எப்படிக் கிணற்றில் விழுந்தாள் என்பதை முடித்துவிட்டுத்தான் நகர்ந்தாள். கசாப்புத் தெருவில் மாடியிலிருந்து எடைக்கல் ஒன்று வந்து காதோரம் பிளந்தது. யார் போட்டது என்று தெரியவில்லை. யார் சொல்லிப் போட்டது என்று தெரியும்.

இதில் கொடுமை என்னவென்றால் மூன்று பேரும் ஒரே வீடு. செருப்புத் தைக்கிற கடைக்கு மேலே இரண்டு அறை. முன்னறையில் கொழுந்தன் படுப்பான், பின்னறையில் அவளும் மாமியாரும். சாப்பாடு ஒரே பாத்திரம். மணிக்கட்டை முறுக்கிய அதே கை சாயந்தரம் தட்டை நீட்டும். "அண்ணி, இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க." அவள் போடுவாள். அவன் ஒருநாளும் அவளை ஒருமையில் பேசியதில்லை. அடிக்கும்போதும் 'ங்க' போட்டுத்தான் அடிப்பான்.

பல் போன அன்று மாமியார் அவள் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். கன்னத்தில் மோதிரம் பதிந்த தடம் இருந்தது.

"என்னடி இது?"

"படி தடுக்கிடுச்சு அத்தை."

"படி மோதிரம் போட்டிருந்துச்சா?"

அவள் முகத்தை விடுவித்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போனாள். மாமியாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. முன்னறையில் மகன் வாய் கொப்பளிக்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

முடிவு வந்த அன்று காலையில் அவன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். "இன்னைக்கு முடிச்சிடுறேன் அண்ணி. சிவப்புக்குடைக்காரர்கிட்டேயும் சொல்லிட்டேன், பாலத்துல வந்து நிக்கச் சொல்லி. வீட்டுலயே குடுத்துட்டீங்கன்னா வலிக்காது."

"குடுக்க முடியாது தம்பி" என்றாள் அவள். "குடுத்துட்டு நான் என்ன பண்ணுவேன்?"

"நான் சோறு போடுறேன். அம்மாவுக்குப் போடலையா?"

"போடுவே. தினமும் போட்டதைச் சொல்லிக் காட்டுவே."

அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். கை கழுவினான். போகும்போது கொடியில் காய்ந்த பழைய கறுப்புத் துணியை உருவிக்கொண்டு போனதை மாமியார் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள்.

அவன் இறங்கிப் போனதும் மாமியார் கோணி ஊசியையும் மெழுகு நூலையும் எடுத்துவந்தாள். கீழ்க்கடையில் கேட்டு வாங்கிய தோல் வார் ஒன்றைக் குடைப்பிடியில் வைத்துத் தைத்தாள். மறுமுனையை மருமகளின் வலது மணிக்கட்டில் சுற்றி, கையிலேயே வைத்துத் தைத்து நூலைப் பல்லால் கடித்தாள்.

"அத்தை, அவர் உங்க பிள்ளை."

"ரெண்டு பெத்தேன். ஒருத்தன் இந்தச் சனியனுக்காகச் செத்தான். இன்னொருத்தன் இதுக்காகக் கொலைகாரன் ஆகணுமா? இது உன் கையை விட்டுக் கழலாதுன்னு தெரிஞ்சா விட்டுட்டுப் போயிடுவான். பிடுங்கத் தெரியுமே தவிர அவனுக்கு வெட்டத் தெரியாது."

இருபத்தெட்டு வருஷம் வளர்த்தவள் சொல்கிறாள் என்று அவளும் நம்பினாள்.

வாசலில் அன்று நல்ல கூட்டம். வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் கேட்டாள். "ஒரு திருடன் வருவானாமே? பழைய வீடியோவில பார்த்தோம்."

"இப்ப அது இல்லைங்க."

"அடடா, அதுக்குத்தானே வந்தோம்!"

மணிக்கூண்டு தாண்டியது. கிணறு தாண்டியது. கசாப்புத் தெருவில் அவள் ஒவ்வொரு மாடியையும் பார்த்தபடி நடந்தாள், ஒன்றும் விழவில்லை. ஒன்றும் விழாததால் குடைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். திடலில் போய் நின்று, உத்திரத்துக்குக் கீழே கூட்டத்தைச் சேர்த்து, கொள்ளைக்காரன் கதையைத் தொடங்கினாள்.

தூணுக்குப் பின்னால் இருந்து அவன் வந்தான். முகத்தில் அதே கறுப்புத் துணி.

"வந்துட்டான்! வந்துட்டான்டோய்!" என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. வீடியோக்காரப் பெண் குதித்தாள். பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டார்கள்.

அவன் குடைப்பிடியைப் பற்றி இழுத்தான். வார் இறுகியது. அவள் தோள்பட்டை கழன்றுவிடும் போல இழுபட்டு, குடையோடு அவளும் அவன் மேல் போய் விழுந்தாள். அவன் மறுபடி இழுத்தான். அவளை ஒரு சுற்றுச் சுற்றித் தூணில் மோதினான். குடை அவள் கையோடுதான் வந்தது. கூட்டம் சிரித்தது. அவன் குனிந்து மணிக்கட்டைப் பார்த்தான். துணிக்கு மேலே தெரிந்த கண் ஒரு கணம் சிறுபிள்ளைக் கண் மாதிரி ஆகிவிட்டது.

"இது அம்மா தையல்."

"ஆமா தம்பி."

"அம்மா எனக்கு விரோதமா தெச்சாங்களா?"

"உனக்காகத்தான் தெச்சாங்க. விட்டுடு. இத்தனை பேர் பாக்குறாங்க."

"பாக்கட்டும். இத்தனை வருஷமும் பாத்தாங்களே. தினமும் என்னைத் தூக்குல போட்டீங்க, தினமும் கை தட்டினாங்க. நீங்க வாலுல நின்னு பாத்தீங்க. இன்னைக்கு நான் சாகமாட்டேன் அண்ணி."

இடுப்பிலிருந்து எடுத்தது மரக்கத்தி இல்லை. கத்தியை வாருக்கு அடியில் கொடுத்து மேல்நோக்கி இழுத்தான். தையல் கெட்டி. வார் உடனே அறவில்லை. அறுத்தான், இழுத்தான், மறுபடி அறுத்தான். வாரோடு தோலும் போனது. ரத்தம் பிடியில் வழிந்து அவன் கையை நனைத்து அவள் சேலையில் கொட்டியது. அவள் அலறவில்லை. கடித்த உதடு கிழிந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது.

"அம்மா, அது நெசமாவே ரத்தமா?" என்று ஒரு குழந்தை கேட்டது.

"சாயம்தான் கண்ணு. பயப்படாதே, கை தட்டு."

வார் அறுந்தது. அவள் காலை மடித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவன் முகத்துணியைப் பிய்த்து எறிந்து, மஞ்சள் குடையைத் தலைக்கு மேல் உயர்த்தினான். தழும்பு ஓடிய முகம் முழுக்க வெற்றி. வாழ்நாளில் முதல் தடவையாக அது அவன் கையில் இருந்தது. பாலம் இன்னும் ஒரு தெருதான்.

குடை போனது. குடை போன இடத்துக்குக் கூட்டமும் போனது. தரையில் உட்கார்ந்திருந்தவளைச் சுற்றிக்கொண்டு, "நல்லா நடிச்சீங்க" என்று சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு. அவள் முந்தானையைக் கிழித்து மணிக்கட்டில் சுற்றினாள். தூணைப் பிடித்து எழுந்தாள். கடைசியாகப் போன ஆளுக்குப் பின்னால் நடந்தாள். பழைய இடம். வால்.

ஆற்றுத் தெருவில் அவன் முதலில் முன்பக்கம் பார்த்துத்தான் நடந்தான். நாலடி போவதற்குள் கேள்வி வந்துவிட்டது.

"இது என்ன இடங்க?"

"இதா? இது... தெரு."

எல்லாரும் சிரித்தார்கள்.

"அந்தக் கட்டடம்?"

"பழசு."

"எவ்வளவு பழசு?"

"ரொம்பப் பழசு. வாங்க, வாங்க."

"திருடன்கிட்ட குடையைக் குடுத்தா இப்படித்தான்" என்று யாரோ சொல்ல, சிரிப்பு இன்னும் பெரிதாகியது. அந்தச் சிரிப்பு அவனுக்குப் பழக்கமானது. அவன் திரும்பினான். அண்ணன் மாதிரியே முகத்தைக் கூட்டத்துக்குக் காட்டி, முதுகை ஊருக்குக் காட்டி, பின்பக்கமாக நடக்கத் தொடங்கினான்.

"ஒரு காலத்துல ஒரு ராஜா இருந்தான்" என்றான் உரக்க. அதற்கு மேல் வரவில்லை. "அந்த ராஜா... அந்த ராஜாவை..."

பேச்சு நின்றது. கூட்டம் கிட்டே வந்தது.

அவள் வாலிலிருந்து பார்த்தாள். தலைகளுக்கு மேலே மஞ்சள் குடை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. விளக்குக் கம்பத்தைத் தாண்டியது. கம்பத்துக்கு அடுத்ததுதான் ஆற்றுப்படி. செங்குத்தான கல்படி, கைப்பிடி கிடையாது. அவன் பின்னால் பார்க்கவில்லை. கதை சொல்கிறவன் பின்னால் பார்க்கமாட்டான் என்பது மட்டும் அவனுக்குத் தெரியும். பார்க்காமல் எப்படி நடப்பது என்று தெரியாது. போன்களை நீட்டிக்கொண்டு முன்வரிசை ஏறி வந்தது. பின்வரிசை முன்வரிசையைத் தள்ளியது.

அவள் ஜென்மத்தில் போடாத சத்தம் போட்டாள். "தம்பி, நில்லு! பின்னால படி!"

கூட்டம் திரும்பிப் பார்த்து ஆரவாரம் செய்தது. கதையில் இன்னும் ஒரு கட்டம் இருக்கிறது என்று நினைத்தார்கள். அவனுக்கும் கேட்டது. தலைகளுக்கு மேலாக அவளைப் பார்த்து, குடையை இன்னும் உயரத் தூக்கினான்.

"வந்து வாங்கிக்கங்க அண்ணி! முடிஞ்சா வந்து வாங்கிக்கங்க!"

ஒரு அடி பின்னால் வைத்தான். அங்கே தரை இல்லை.

குடை ஒரு கணம் ஆகாயத்தில் தனியாக நின்ற மாதிரி இருந்தது. அப்புறம் மறைந்தது. உடம்பு படிப்படியாக மோதிப் போகிற சத்தம் கேட்டது. கூட்டம் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தது. பாதிப்பேர் கைதட்டினார்கள். பாதிப்பேரின் கை பாதியில் நின்றது.

அவள் அவர்களை விலக்கிக்கொண்டு இறங்கினாள். அடிப்படியில் அவன் மல்லாந்து கிடந்தான். வலது கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. குடை அவனுக்கு ஒரு கை தூரத்தில், ஒரு கம்பி ஒடிந்து கிடந்தது. பாலத்தின் மேலே சிவப்புக்குடைக்காரர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். விழுந்தது அவன் கையிலிருந்து. எடுத்தவருக்குச் சொந்தம். அவனுக்கும் அது தெரியும். முழங்கையை ஊன்றி உடம்பை இழுத்தான். கால் எலும்பு உரசியபோது ஊளையிட்டான். ஆனாலும் கை நீண்டு பிடியைப் பற்றிவிட்டது.

"கையை எடு தம்பி."

"மாட்டேன் அண்ணி."

"உனக்கு ஆளைக் கூப்பிடணும். எடு."

"அண்ணன் சாகும்போது குடைதானே பெருசுன்னு போனீங்க? இப்பவும் அதானே?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். புருஷனுடைய கண், புருஷனுடைய மூக்கு. மேலே அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவள் செருப்புக் காலைத் தூக்கி அவன் விரல்களின் மேல் வைத்தாள். வைத்து அழுத்தினாள். அவன் விடவில்லை. முழுக் கனத்தையும் ஏற்றினாள். ஒன்றன்பின் ஒன்றாக உடைவது காலடியில் தெரிந்தது, காய்ந்த சுள்ளி மாதிரி. அவன் கத்தினான். கத்தும்போதும் "அண்ணி, அண்ணி" என்றே கத்தினான். விரல்கள் திறந்தன.

இரண்டு கையாலும் குடையை எடுத்தாள். தூக்கினாள்.

"யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. இது நாடகம் இல்லை" என்றாள். அன்றைக்கு இரண்டாவது தடவையாக அவள் குரல் எல்லாருக்கும் கேட்டது. வீடியோக்காரப் பெண் போனைக் கீழே இறக்கிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் படியேறினாள். கம்பி ஒடிந்த பக்கம் தொங்க, பாலத்துக்கு நடந்தாள். சிவப்புக்குடைக்காரர் சுவரிலிருந்து முதுகை எடுத்து வழிவிட்டார். பாலத்தின் நடுவில் நின்று குடையை மடக்கினாள். அப்புறம்தான் மயங்கி விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு பேரையும் ஒரே வராந்தாவில் போட்டிருந்தார்கள். கை எப்படி உடைந்தது என்று டாக்டர் கொழுந்தனைக் கேட்டார்.

"படி தடுக்கிடுச்சு" என்றான்.

மாமியார் அவனுடைய வீங்கிய விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். செருப்பு அடியின் கோடுகள் நீலமாகப் பதிந்திருந்தன.

"படி செருப்பு போட்டிருந்துச்சா?" என்றாள்.

அவன் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான். மாமியார் அடுத்த கட்டிலுக்கு வந்து மருமகளின் கட்டுப்போட்ட மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டாள். "நான் தைக்காம இருந்திருக்கணும்" என்றாள். அழவில்லை. அதற்கு அப்புறம் ஒரு வருஷத்துக்கு அவள் வீட்டில் ஊசியைத் தொடவே இல்லை. கிழிந்த துணியைக் கீழ்க்கடையில் கொடுத்துத்தான் தைத்தார்கள்.

கால் கூடியது, மடங்கவில்லை. விரல்கள் கூடின, கோணலாகக் கூடின. மாமியார் ஊட்டிவிட்டாள். தட்டை நீட்ட முடியாதவன் "அண்ணி, இன்னும் கொஞ்சம்" என்று வாயால் மட்டும் கேட்டான். அவள் போட்டாள். வீட்டில் பேச்சு அவ்வளவுதான்.

மஞ்சள் குடைக்கு முன்னைவிடக் கூட்டம் வந்தது. அந்த வீடியோவை ஊரெல்லாம் பார்த்திருந்தார்கள். "திருடன் எங்கே?" என்று கேட்பார்கள். "படுத்திருக்கார்" என்பாள். அதையும் நகைச்சுவை என்று நினைத்துச் சிரிப்பார்கள். கூட்டம் பெருகப் பெருக ஆட்கள் சந்துகளில் தொலைய ஆரம்பித்தார்கள். வாலில் ஆள் வேண்டியிருந்தது. அவள் யாரையும் கூப்பிடவில்லை.

ஒருநாள் காலையில் அவள் குடையோடு இறங்கும்போது அவன் விறைத்த காலை இழுத்துக்கொண்டு பின்னாலேயே படி இறங்கினான். மாமியார் மேலே ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் கூட்டம் சேர்ந்ததும் அவன் போய்க் கடைசியில் நின்றுகொண்டான்.

இப்போதும் அப்படித்தான். அவள் குடையைத் தூக்கிப் பின்பக்கமாக நடப்பாள். வாய் தன்பாட்டுக்கு ராஜாக்களை வெட்டிச் சாய்த்துக்கொண்டிருக்கும். கண் மட்டும் அத்தனை தலைகளுக்கும் மேலே கடைசியில் நொண்டி வருகிற ஒருத்தன் மேல் இருக்கும். அவன் கண் குடையின் மேல் இருக்கும். தூக்குமேடைத் திடலில் போய் நின்றதும் அவள் பேச்சைத் தொடங்காமல் காத்திருப்பாள். கடைசி ஆள் வந்து சேர்ந்ததும் அவன் கோணல் விரல்களோடு கையைத் தூக்குவான்.

"வந்தாச்சு அண்ணி."

அவள் தலையசைத்துவிட்டுக் கொள்ளைக்காரன் கதையைத் தொடங்குவாள்.